வங்கிக்கு வரியா, வட்டிக்கு வரியா?

வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னால் எங்கள் சிக்கனச் சங்கம் எம்பிக்கு ஒரு மகஜர் கொடுக்க முடிவெடுத்தது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கேள்வி ஒன்றுதான். அரசுக்குக் காசு தேவையென்றால் வங்கியிடம் வாங்குவதா, வங்கியில் போட்டவரிடம் வாங்குவதா? வங்கியிடம் என்றுதான் எழுதினேன்.

இலங்கையில் வங்கிகளும் சும்மா இல்லை. 2025 நிலவரப்படி 30 வீத வருமான வரி, நிதிச் சேவைகள் மீது 18 வீத வற் (பெறுமதி சேர் வரி), 2022 அக்டோபரிலிருந்து 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரி. இதற்கு முன் கடன் மீள்செலுத்தல் அறவீடு என்றும் ஒன்று இருந்தது. 2017 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தபோது ஆயிரம் ரூபா கொடுக்கல் வாங்கலுக்கு 20 சதம் என்றார். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அது வங்கியின் பெறுமதி சேர்ப்பில், அதாவது ஏறக்குறைய இலாபமும் சம்பளமும் சேர்ந்த தொகையில், 7 வீதமாக மாறியிருந்தது. 2020 பிறந்ததும் நீக்கிவிட்டார்கள்.

வட்டி வரி அப்படிச் சுலபத்தில் போவதில்லை. 2020இல் ஒருமுறை நீக்கினார்கள், 2023 ஜனவரியில் 5 வீதமாகத் திரும்பி வந்தது, 2025 ஏப்ரலில் 10 வீதமானது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் நாள் கூலிக்குப் பேர் போட்டுச் சேர்த்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு 12 லட்சத்தை நிலையான வைப்பில் போட்டோம். 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 96,000 ரூபா, அதில் 9,600 ரூபா வரி. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். சட்டத்தில் ஏழைக்கு வழி இருக்கிறது, உண்மைதான்.

ஆனால் அந்த வழியை வருடா வருடம் நாமேதான் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். நாங்கள் போன வங்கியில் முதல் நாள் டின் இலக்கம் (வரி செலுத்துவோர் இலக்கம்) கேட்டார்கள். இரண்டாம் நாள் படிவம் தீர்ந்துவிட்டது என்றார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு இறங்கிப் போன இரண்டு நாளும் அக்காவுக்குப் பேர் இல்லை, அதாவது கூலி இல்லை. வேறு வங்கியில் இன்னொரு புத்தகம் இருந்தால் அங்கேயும் தனியாகக் கொடுக்க வேண்டும். வங்கி மீதான வரிக்கு இந்தப் பராமரிப்பு எதுவும் நம் பக்கம் இல்லை, அவர்களிடம் கணக்காளர் இருக்கிறார். என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே போதும்.

வங்கியில் வேலை செய்யும் மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. “எங்களுக்கு வரி கூட்டினால் கடன் வட்டியில் வைப்போம், கடைசியில் நீங்கதான் கட்டுவீங்க” என்றான். அதில் எவ்வளவு வாடிக்கையாளர் மேல் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்ட நான் வங்கிக்குள் இருந்தவன் இல்லை. கொஞ்சம் வரும் என்று ஒத்துக்கொண்டேன். இத்தாலிக் கதையையும் அவனே சொன்னான். 2023 ஆகஸ்டில் வங்கிகளின் அதிக இலாபத்துக்கு 40 வீத வரி என்று அறிவித்தார்கள், மறுநாளே பங்குகள் சரிந்தன. அப்புறம் வரியின் இரண்டரை மடங்கைச் சொந்த ஒதுக்கத்தில் வைத்தால் போதும் என்று மாற்ற, வங்கிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. வங்கி வரியின் பெரிய பலவீனம் இதுதான். பாதிக்கப்படுகிறவர் அமைச்சர் வாசல் வரை போகத் தெரிந்தவர்.

நம் பக்கத்து ஆட்கள் அந்த வாசலுக்குப் போகாததால் என்ன நடந்தது என்பதற்கு 2023 ஜூலை போதும். அரசு நாட்டுக்குள் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் விதத்தை மாற்றிய உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளைச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே வரி பாதிக்கு மேல் போகிறது, வங்கி ஆடினால் நாடே ஆடும் என்றார்கள். காரணம் பொய் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கோ பழைய திறைசேரி முறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) வட்டி குறைந்த புது முறிகளுக்கு மாற்று, இல்லாவிட்டால் 14 வீத வரி 30 ஆகும் என்ற நிபந்தனை. நிதி மாற்றிக்கொண்டது. கொழுந்து பறிக்கும் யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

மகஜரின் கடைசியில், வங்கி அந்த வரியைக் கடன் வட்டியில் ஏற்றக் கூடாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். மச்சான் படித்துவிட்டு, “இதை யார் பார்க்கிறது?” என்று கேட்டான். சரி என்று, பக்கத்தில் ‘மத்திய வங்கி’ என்று எழுதி, மடித்துத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன்.