எஸ்.பி. ரோட்டில் ரிப்பேருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: 8,500 ரூபாய் போச்சு

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் எழுதவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு டேபிள் போட்ட ரிப்பேர் கடை, அவ்வளவுதான்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அசெம்பிள்டு டெஸ்க்டாப். அல்சூரிலிருந்து வீடு மாறியதிலிருந்து, ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் தானாக ஆஃப் ஆகும். ஆறவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி ஆஃப்.

கடைக்காரர் பேச்சை ஆரம்பித்ததே தமிழில். "நமக்கு வேலூர் பக்கம்ணா, உங்ககிட்ட பொய் சொல்வேனா?" டீ வேறு வரவழைத்தார். மூடியைக்கூடக் கழற்றாமல் "மதர்போர்டு போச்சுண்ணா, 8,500 ஆகும்" என்றார். நம்ம ஊர்க்காரர் சொல்கிறாரே என்று ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையைக் கிறுக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து போட்டால் அதே ஆஃப்.

போன் செய்தால் "விண்டோஸ் ப்ராப்ளம்ணா". நேரில் போனால் "உங்க வீட்டுக் கரண்ட் சரியில்ல, யுபிஎஸ் வாங்குங்க". கடைசியில் "ஓனர் இல்ல, நாளெ பன்னி சார்" (கன்னடத்தில், நாளைக்கு வாங்க சார்). 8,500 கைக்குப் போகும்வரை அண்ணா, அப்புறம் சார். தமிழும் மறந்துபோச்சு!

தெரிந்த பையன் ஒருவன் வீட்டில் வைத்தே திறந்து பார்த்தான். ப்ராசஸர் மேல் உட்காரும் கூலரின் நாலு பின்னில் ஒன்று கழன்று, ஒரு பக்கம் தூக்கி நின்றது. டெம்போ குலுக்கலில் கழன்றிருக்கும் என்றான். ப்ராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், கருகாமல் இருக்க மெஷின் தானே அணைந்துவிடும். ப்ராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி, பின்னை அழுத்தினான். 300 ரூபாய். இப்போது நாள் முழுக்க ஓடுகிறது.

இன்னொன்றையும் அவன்தான் காட்டினான். போர்டை மாற்ற வேண்டுமென்றால் கூலரைக் கழற்றியே ஆக வேண்டும். அவன் திறந்தபோது பழைய பேஸ்ட் காய்ந்து பொடியாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. போர்டில் இருந்த சீரியல் நம்பரும், பரணில் கிடந்த அட்டைப் பெட்டியில் இருந்த நம்பரும் ஒன்றேதான். அதாவது போர்டை மாற்றவே இல்லை. பின்னே எதற்கய்யா 8,500 ரூபாய்?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரமாட்டேன் என்கிறது. கொடுக்கும் முன் சீரியல் நம்பர்களைப் போட்டோ எடுங்கள். மாற்றினேன் என்றால் பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இல்லையா, எழுந்து வந்துவிடுங்கள். தானாக ஆஃப் ஆனால் முதலில் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) ப்ராசஸர் சூடு (CPU temperature) எவ்வளவு என்று பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி அங்கே ஏமாந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், கடை எதுவென்று சொல்கிறேன்.