நாட்காட்டியை நம்பாத ஒரு முழங்கால் மருத்துவமனை: 11 மாதங்களுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

இந்த மதிப்புரையை அறுவை சிகிச்சை முடிந்த மறுவாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இரண்டாம் மாத இறுதியில் எழுதியிருந்தால் இரண்டு கொடுக்கவும் மனம் வந்திருக்காது. மருத்துவமனைகளைப் பற்றிய பெரும்பாலான மதிப்புரைகள் வீடு திரும்பும் நாளில் எழுதப்படுகின்றன என்பதால், அறையின் தூய்மையும் செவிலியரின் கனிவும் தையலின் நேர்த்தியும் அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றன. அந்தக் கால் மீண்டும் ஆடுகளத்தில் நிற்குமா என்பது அன்றைக்கு மருத்துவர் உட்பட யாருக்கும் தெரியாது. எனக்கு இடது முழங்காலில் ஏசிஎல் எனப்படும் முன் சிலுவைத் தசைநாரை மீட்டமைத்து 11 மாதங்கள் ஆகிவிட்டன. பாராட்டோடு குறைகளும் எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். எலும்பியல், விளையாட்டுக் காயம், இயன்முறை சிகிச்சை ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம் என்ற அளவில் அறிந்தால் போதும்.

எனக்கு வயது 33. வாரத்தில் நான்கு நாட்கள் இறகுப்பந்து ஆடுபவன். பின்கோட்டுக்குத் தாவி அடித்துவிட்டு இடது காலை மட்டும் ஊன்றி இறங்கியபோது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. ‘டப்’ என்ற ஓசையை எதிர்க்களத்தில் நின்றவரும் கேட்டிருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. இவ்வகைக் காயங்களில் பெரும்பான்மையானவை எவரும் மோதாமல், தனியாகத் தரையிறங்கும்போதும் திடீரெனத் திசை திரும்பும்போதும்தான் நேர்கின்றன என்பதைப் பிற்பாடு அறிந்துகொண்டேன். முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று கண்டு, ‘ஜவ்வு லேசாக விலகியிருக்கிறது’ என்று கட்டுப்போட்டு அனுப்பினார். நம் பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ என்ற ஒரே சொல்லுக்குள் எலும்போடு எலும்பை இணைக்கும் தசைநாரும், இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் கிடக்கும் மெனிஸ்கஸும் அடங்கிவிடுகின்றன. இரண்டுக்கும் சிகிச்சை வேறு, காத்திருக்கலாமா கூடாதா என்ற கணக்கும் வேறு. எந்த ஜவ்வு என்று கேட்காமல் வந்தது என் தவறு.

இந்த மருத்துவமனையில் எனக்கு நம்பிக்கை பிறந்தது முதல் பத்து நிமிடங்களில்தான். அறுவை நிபுணர், நான் கொண்டுபோன எம்ஆர்ஐ படத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, அடிபடாத வலது காலை முதலில் சோதித்தார். முழங்காலைச் சற்றே, 20 முதல் 30 பாகைக்குள் மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் மேற்பகுதியை முன்னோக்கி இழுப்பது லாக்மன் சோதனை. வலது காலில் அந்த இழுப்பு, தாழ்ப்பாளில் கதவு இடிப்பதுபோல ஓரிடத்தில் ‘டக்’கென்று நின்றது. இடது காலில் நிற்கவில்லை. சேற்றில் இழுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த வேறுபாட்டை எனக்கே உணர முடிந்தது. அதன் பிறகே அவர் படத்தை விளக்கின்முன் பிடித்தார். ஏசிஎல் முழுவதுமாகக் கிழிந்திருந்தது, மெனிஸ்கஸ் தப்பியிருந்தது.

அடுத்த வாரமே அறுவைக்குத் தேதி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுத்துவிட்டார். வீக்கம் வடிந்து, கால் முழுவதும் நீண்டு, முன்தொடைத் தசை விழித்துக்கொள்ளும்வரை பயிற்சி செய்யுங்கள், 12 வாரங்கள் கழித்துப் பேசலாம் என்றார். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதற்கு அடிப்படை இருந்தது. ஸ்வீடனில் 121 இளம் வயதினரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான கேனன் ஆய்வில், ஒரு குழுவினருக்கு உடனடியாக அறுவையும் பயிற்சியும் தரப்பட்டன. மற்றொரு குழுவினர் பயிற்சியோடு தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவைக்குச் செல்லலாம் என்று விடப்பட்டனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில், வலி, இயக்கம், விளையாட்டு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை அவர்களே மதிப்பிட்டபோது இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காத்திருந்த 59 பேரில் 23 பேர் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை செய்துகொண்டனர். ஐந்தாம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 30 ஆனது. அதாவது ஏறக்குறைய பாதிப்பேர் அறுவையே இல்லாமல் சமாளித்திருக்கிறார்கள்.

நான் மற்ற பாதியில் சேர்ந்தேன். பத்தாவது வாரத்துக்குள் தசை நன்றாகவே தேறியிருந்தும், படியில் இறங்கித் திரும்பும்போது இரண்டு முறை முழங்கால் கைவிட்டது. இப்படி நழுவிக்கொண்டே இருந்தால் தப்பியிருக்கும் மெனிஸ்கஸும் கிழியும் என்று சொல்லி, 14-ஆம் வாரத்தில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். காத்திருந்ததில் எனக்கு நட்டமில்லை. வீங்கி விறைத்த காலோடு மேசைக்குப் போவதைவிட, முழுதாக நீண்டு மடங்கும் காலோடு போவது பிற்பாடு மீள்வதற்கு எவ்வளவு உதவும் என்பதை, அவசரமாக வேறிடத்தில் செய்துகொண்டு வந்து பயிற்சிக்கூடத்தில் என்னருகே படுத்திருந்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கிழிந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக எந்தத் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணை, எடுத்து ஒட்டுவது என்பதைப் பற்றிய உரையாடல் பாதிதான் திருப்தி தந்தது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுத்தால் மண்டியிடும்போது வலி தங்க வாய்ப்புண்டு என்றும், பின்தொடையிலுள்ள ஹாம்ஸ்ட்ரிங் நாண்களை எடுத்தால் காலை ஆழமாக மடக்கும் வலு சற்றுக் குறையலாம் என்றும், பிறரிடமிருந்து தானமாகப் பெறும் நாண் விளையாடும் இளவயதினரில் அதிகமாக அறுந்துபோகிறது என்றும் தெளிவாகச் சொன்னார்கள். நான் மண்டியிட்டுப் பார்க்க வேண்டிய தொழிலில் இருப்பவன் என்பதால் ஹாம்ஸ்ட்ரிங்கைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் ஒட்டிய நாண் உடனே தசைநாராகிவிடுவதில்லை, அதற்குள் புதிய இரத்தநாளங்கள் புகுந்து அதன் இழைகள் மாற்றியமைக்கப்படும் முதல் சில மாதங்களில் அதன் வலு கூடுவதற்குப் பதிலாகக் குறையும் என்ற மிக முக்கியமான செய்தியை அறுவைக்கு முன்பு யாரும் சொல்லவில்லை. வலி போய்விட்ட இரண்டாம் மாதத்தில்தான் நோயாளிக்குத் துணிச்சல் வருகிறது. நாண் நலிந்திருப்பதும் ஏறத்தாழ அப்போதுதான். ஒப்புதல் படிவத்தில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அறுவையைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் மரப்பூசி போட்டிருந்ததால் நான் விழித்திருந்தேன்; கேட்டதும், முழங்காலுக்குள் விட்ட கேமராவின் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். பழைய கயிற்றின் நைந்த நுனிபோல வெள்ளை நார்கள் நீரில் மிதந்து அசைந்தன. அதுதான் என் ஏசிஎல். 1918-இல் டோக்கியோவில் கென்ஜி டகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்ததில் தொடங்கிய கலை, நோயாளி தன் முழங்காலின் உட்புறத்தைத் தானே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் அளவுக்கு வளர்ந்திருப்பதை எண்ணி வியந்துகொண்டிருந்தபோதே வேலையை முடித்துவிட்டார்கள்.

வெளியே வரும்போது கீல் வைத்த நீளமான முழங்கால் பட்டை ஒன்றைக் கட்டாயமாக மாட்டிவிட்டார்கள். இந்தப் பட்டையைத் தனிப்பொருளாக மதிப்பிடச் சொன்னால் ஒரு நட்சத்திரம். அறுவைக்குப் பின் தொடை நாளுக்கு நாள் மெலிகிறது. கூம்புபோல் ஆன தொடையில் பட்டை நிற்காமல், பத்தடி நடப்பதற்குள் கீல் மூட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கிவிடுகிறது. மூட்டு ஓரிடத்திலும் கீல் வேறோரிடத்திலும் மடங்கினால் பட்டை எதைக் காக்கும்? வேறு சேதமில்லாத ஏசிஎல் மீட்டமைப்புக்குப் பிறகு இப்பட்டையை எல்லோருக்கும் வழக்கமாக அணிவிப்பதால் தனிப்பட்ட பயன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்தவர்களின் நிலை வேறு. எனக்கு ஏன் என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டபோது, ‘வழக்கம்’ என்றார். ஆய்வை இவ்வளவு மதிக்கும் இடத்தில் அந்தப் பதில் இடறியது.

உண்மையான குறை, முதல் எட்டு வாரப் பயிற்சியில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் என்னை நான்கு வெவ்வேறு இயன்முறை மருத்துவர்கள் பார்த்தார்கள். நால்வரும் அன்பானவர்கள், நால்வரும் கோணமானியை எடுத்துக் கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார்கள். 90 ஆனதும் கை தட்டினார்கள், 120 ஆனதும் வாழ்த்தினார்கள். கால் முழுவதுமாக நீள்கிறதா என்று ஒருவரும் முறையாக அளக்கவில்லை. கண்ணால் பார்த்தால் நீண்டிருப்பதுபோலத்தான் தெரியும். ஏழாம் வாரத்தில் நான் இலேசாக நொண்டுவதைக் கவனித்த மூத்த பெண் மருத்துவர் ஒருவர், என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே இரு கால்களையும் மேசைக்கு வெளியே தொங்கவிட்டார். வலது குதிகாலைவிட இடது குதிகால் 5 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அந்த முறையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு பாகை; நான் ஐந்து பாகை நீட்டலை இழந்திருந்தேன்.

ஐந்து பாகை சிறிதாகத் தோன்றலாம். முழுதாக நீளாத காலில் முன்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் ஓய்வின்றி உழைக்கிறது, சில்லின்மேல் அழுத்தம் கூடுகிறது, நடையே மாறுகிறது. சிலருக்கு ஒட்டுநாணின் முன்புறம் தழும்புக் கட்டி வளர்ந்து, கதவிடுக்கில் சிக்கிய கல்போல நீட்டலைத் தடுக்கும். அதை அகற்ற மீண்டும் அறுவைக்குப் போக நேரும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலை அந்தரத்தில் விட்டு, பத்துப் பத்து நிமிடங்களாக நாளுக்கு ஐந்து முறை கிடந்து ஐந்து வாரங்களில் மீட்டேன். முதல் வாரத்திலேயே குப்புறப் படுக்கவைத்திருந்தால் அந்த ஐந்து வாரங்கள் மிச்சம். புகார் செய்த பிறகு அந்த மூத்தவரையே இறுதிவரை எனக்கு ஒதுக்கினார்கள் என்பதையும், இப்போது புதிதாக வருபவர்களின் தாளில் ‘குதிகால் உயரம்’ என்ற கட்டம் அச்சாகியிருப்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆறாம் மாதம் எனக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, ஓட முடிந்தது. ஆட அனுமதி வாங்கத்தான் போனேன். அங்கே என்னை முன்தொடை வலுவை அளக்கும் நாற்காலியில் கட்டி உட்காரவைத்தார்கள். பிறகு ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் குறுக்கே மாறி மாறித் தாவல், ஆறு மீட்டர் தூரத்தை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம் என நான்கு சோதனைகள். தாவல்களில் இடது கால், வலது காலின் 90 விழுக்காட்டைத் தாண்டியது. வலுவில் 78 விழுக்காடு. ஆனால் அவர்கள் அந்த 78-ஐயும் ஏற்கவில்லை. இத்தனை மாதம் ஆடாததால் வலது காலும் மெலிந்திருக்கும், மெலிந்த காலோடு ஒப்பிட்டால் கணக்கு நம்மை ஏமாற்றும் என்று சொல்லி, அறுவைக்கு முன்பே எடுத்துவைத்திருந்த வலது காலின் அளவோடு ஒப்பிட்டார்கள். அதன்படி 71. தாவல் தூரம் நன்றாக இருக்கும்போது தசை இவ்வளவு பின்தங்கியிருப்பது எப்படி என்று கேட்டேன். இடுப்பும் கணுக்காலும் முழங்காலின் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று, என் தாவலைப் படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள்.

அனுமதி மறுக்கப்பட்டது. 106 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான டெலவேர்-ஆஸ்லோ ஆய்வைப் பற்றி அன்று சொன்னார்கள். ஒன்பதாம் மாதம்வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்கும்போதும் மீண்டும் முழங்கால் காயமடையும் வீதம் 51 விழுக்காடு குறைந்தது. சோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் காயமடைந்தனர். தேறித் திரும்பியவர்களில் 5.6 விழுக்காட்டினர். வீட்டுக்கு வந்து அந்த எண்களை ஆராய்ந்தபோது, தேறித் திரும்பியவர்கள் மொத்தம் 18 பேர்தான், அவர்களில் ஒருவருக்குத்தான் காயம் என்று தெரிந்தது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையின்மேல் பெரிய மாளிகை கட்டிவிட முடியாது. இருந்தாலும், ‘ஆறு மாதம் ஆயிற்று, ஆடலாம்’ என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வதற்கு இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது என்பதால் அவர்கள் பக்கமே நான் நிற்கிறேன்.

ஒன்பதரை மாதத்தில் வலு 92 விழுக்காடானது. அப்போதும் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள்: மீண்டும் அடிபடும் என்று அஞ்சுகிறீர்களா, முழங்காலை நினைக்காமல் ஆட முடியுமா என்று 12 கேள்விகள். உடல் தேறியும் ஆட்டத்துக்குத் திரும்பாதவர்கள் ஏராளம். 2014-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு, காயத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 விழுக்காடு, போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான். என் மதிப்பெண் சுமார்தான். பின்கோட்டு மூலையை நினைத்தாலே கால் கூசியது. அதற்காக மூன்று வாரங்கள், பெட்டிமேலிருந்து இறங்குவதும், பந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் திரும்புவதுமாக, அந்த மூலையிலேயே வைத்து ஆடவைத்தார்கள்.

நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஐந்தாவதைப் பிடித்துவைத்திருப்பதற்கு, பட்டையும் அந்த ஐந்து பாகையும் தவிர, இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை அளவுகளையும் கருத்தாக எடுப்பவர்கள், அவற்றை நோயாளியின் கையில் கொடுப்பதில்லை. வெளியேறும்போது தரும் சுருக்கத்தில் மருந்துகளின் பெயரும் தையல் பிரித்த நாளும்தான் இருக்கின்றன. 78, 71, 92 ஆகிய மூன்று எண்களும் எனக்குத் தெரிவது, கணினித் திரையில் ஓடியபோது நான் கைப்பேசி உறையின் பின்பக்கம் பேனாவால் எழுதிக்கொண்டதால்தான். எழுத்துப்பூர்வமாகக் கேட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. அறிக்கை இன்னும் வரவில்லை.