3,363 ரூபாய் போச்சு: நெட்வொர்க்கிங் புத்தகம் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம்

பார்சல் நேத்து சாயங்காலம் வந்தது. கோபம் ஆறிட்டா எழுத மாட்டேன், அதனால இப்பவே எழுதிடறேன்.

வாங்கினது மூணு புத்தகம். சிஸ்கோ கம்பெனி நடத்தற சிசிஎன்ஏ நெட்வொர்க்கிங் பரீட்சைக்கு (அதோட நம்பர் 200-301) ரெண்டு பாகம், கூடவே கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் அடிப்படை ஒண்ணு. புதுசா படிக்க வர்ற பிள்ளைங்க கையில கொடுக்கறதுக்கு. விலை 2,850. அதுக்கு மேல "ஜிஎஸ்டி 18 சதவீதம்"னு 513. மொத்தம் 3,363 ரூபாய். அச்சுப் புத்தகத்துக்கு ஏதுங்க ஜிஎஸ்டி? அந்த வரியைப் பார்த்த இடத்துலயே விலகியிருக்கணும்.

கடை பேர் சொல்லல. போட்டோ போடற ஆப்ல ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு, "காலேஜ் புக்ஸ் பாதி விலை"ன்னு வாட்ஸாப்ல ஆர்டர் எடுக்கற ரகம். காப்பிரைட் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ரெண்டே நிமிஷம். தாளை அமுக்கிப் பிடிச்ச கட்டைவிரல், அதுக்குப் பக்கத்துல ஐஎஸ்பிஎன், 2024. உள்ளடக்கப் பக்கமும் வந்தது. நெட்வொர்க்கைப் புரோகிராம் வழியா நடத்தற ஆட்டோமேஷன், அதுக்கான ரெஸ்ட் ஏபிஐ, ஜேசன் எல்லாம் வரிசையா இருந்தது. 2020 பிப்ரவரியில 200-301 வந்தப்போ உள்ள நுழைஞ்ச பாடங்க அதுங்கதான், சரியா இருக்கேன்னு நெனச்சேன். அந்தக் கட்டைவிரலை நம்பிப் பணத்தை அனுப்பினேன். யுபிஐல கடைப்பேர் வரல, யாரோ தனி ஆள் பேர் வந்தது. அதையும் தாண்டிப் போயிட்டேன்.

வந்ததுல அட்டை மட்டும் 200-301. உள்ள 2020க்கு முந்தின பாடத்திட்டம். ரவுட்டருங்க வழி கண்டுபிடிக்கற ரூட்டிங் புரோட்டோகால்கள்ல ஆர்ஐபி வெர்ஷன் 2 கான்ஃபிகர் பண்றது ஒரு முழு அத்தியாயம், அடுத்து ஈஐஜிஆர்பி. இப்போ பரீட்சைக்கு கான்ஃபிகர் பண்ணத் தெரிய வேண்டிய ரூட்டிங் புரோட்டோகால் சிங்கிள் ஏரியா ஓஎஸ்பிஎஃப்தான். ஆட்டோமேஷன் பத்தி ஒரு பக்கம் கிடையாது. காப்பிரைட் பக்கம் கிழிக்கப்படல, அச்சே ஆகல.

மூணாவது இன்னும் மோசம். ஜெராக்ஸா இருந்தாக்கூடப் பொறுத்துக்கலாம். இது ஸ்கேன் பண்ணி, எழுத்தைக் கம்ப்யூட்டரையே படிக்க விட்டு, திருத்தாம அச்சடிச்சது. சப்நெட் அத்தியாயத்தைப் பாருங்க, பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாப் பிரிக்கற கணக்கு. /27ன்னா 32 பிட் முகவரியில 27 நெட்வொர்க்குக்கு, ஹோஸ்டுக்கு (அதுல இருக்கற மெஷினுங்களுக்கு) மிச்சம் 5 பிட், அதனால 2⁵−2 = 30. இதுல மேல இருந்த 5 கீழ இறங்கி "25−2 = 30"னு நிக்குது. புதுசா படிக்கறவன் 25ல ரெண்டு போனா 23தானேன்னு மண்டையைப் பிச்சுக்குவான். புத்தகம் தப்புன்னு அவனுக்குத் தோணாது, தனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நெனப்பான். எனக்கு எரியறது அங்கதான். முகவரியில எந்த பிட்டைப் பார்க்கணும், எதை விட்டுடணும்னு ரவுட்டருக்குச் சொல்ற வைல்டுகார்டு மாஸ்க் 0.0.0.63ல ஒரு புள்ளி உதிர்ந்து 0.00.63. அதைப் பார்த்து அடிச்சா ரவுட்டர் ஏத்துக்காது. தகவல் தவறாமப் போய்ச் சேரறதைப் பார்த்துக்கற டிசிபி புரோட்டோகாலோட ஹெடர் படம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு சாம்பல் தீத்தல், 0லேர்ந்து 31 வரை பிட் நம்பர் ஒண்ணும் தெரியல.

கேட்டேன். முதல் பதில்: "அண்ணா, பேசிக்ஸ் மாறவே மாறாதுண்ணா." பாதி நிஜம்தான். டிசிபி இணைப்பைத் தொடங்கற த்ரீ வே ஹேண்ட்ஷேக் 1981லேர்ந்து அதேதான், /27க்கு என்னைக்கும் 30தான். ஆனா இந்தப் புத்தகம், தகவலை மறைச்சு அனுப்பற எஸ்எஸ்எல் 3.0 பாதுகாப்பானதுன்னு சொல்லிக் கொடுக்குது. அதை 2015லயே வேண்டாம்னு தள்ளியாச்சு, 2021ல அதுக்குப் பின்னாடி வந்த டிஎல்எஸ் 1.0, 1.1 கூடப் போச்சு. வெப் பக்கத்தைக் கொண்டுவர்ற எச்டிடிபி, டிசிபி மேலதான் ஓடும்னு இதுல அடிச்சு எழுதியிருக்கு. பையன் நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டற வயர்ஷார்க்கைத் திறந்து யூடியூப் ஓட்டினா, டிசிபி இல்லாம யுடிபி போர்ட் 443ல கொட்டும். அது யுடிபி மேல ஓடற க்விக் புரோட்டோகால், 2021ல ஆர்எஃப்சி 9000ங்கற தர ஆவணமா வந்தது. அதுக்கு மேல ஓடற எச்டிடிபி/3க்கு அடுத்த வருஷம் வந்தது. அவனுக்கு யார் போய் விளக்கறது?

ரெண்டாவது பதில்: "அன்பாக்சிங் வீடியோ இருக்காண்ணா?" மூணாவது: "பிரிண்ட் மிஸ்டேக்னா பப்ளிஷர்கிட்ட கேளுங்க." இந்த அச்சுக்குப் பப்ளிஷர் நீதானேடா! நாலாவது: "3,363க்கு வேற புக் எடுத்துக்கோங்க, ரீஃபண்ட் பாலிசி இல்ல." அப்புறம் அந்த நம்பரோட புரொஃபைல் படம் காணாமப் போச்சு. பிளாக் பண்ணிட்டான்.

அறிமுகப் புத்தகம் எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு விலாவாரியா எழுதத்தான் உக்காந்தேன். இப்போ மனசு ஓடல. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

காப்பிரைட் பக்கம் மட்டும் கேக்காதீங்க. நீங்க சொல்ற பக்கத்தை, இன்னிக்குத் தேதி எழுதின துண்டுச்சீட்டோட சேர்த்து எடுக்கச் சொல்லுங்க. சப்நெட் பக்கமா இருக்கட்டும், 2க்கு மேல எண் ஏறி நிக்குதான்னு பாருங்க. அடிப்படைப் புத்தகம்னா, பின்னாடி இண்டெக்ஸ்ல க்விக், டிஎல்எஸ் 1.3 ரெண்டும் இல்லன்னா அது பழசு. சிசிஎன்ஏ பாடத்திட்டம் 2024 ஆகஸ்ட் 20லேர்ந்து வெர்ஷன் 1.1, சிஸ்கோ தளத்துல இலவசமா இருக்கு. அதோட உள்ளடக்கத்தை ஒத்துப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. புத்தக பில்லுல ஜிஎஸ்டி போட்டா எழுந்து வந்துடுங்க.

காசே வேண்டாம்னா, பீட்டர்சன், டேவி எழுதின 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்: எ சிஸ்டம்ஸ் அப்ரோச்' முழுப் புத்தகமும் அவங்களே இணையத்துல இலவசமா வெச்சிருக்காங்க. திருட்டு பிடிஎஃப் இல்ல. 3,363 ரூபாய் அனுப்பறதுக்கு முன்னாடி அதை நெனச்சிருக்கணும்.

பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. பில் கொடுத்த கடைன்னா நுகர்வோர் உதவி எண் 1915. எனக்குப் புகார் நம்பர் வந்துடுச்சு, 3,363 இன்னும் வரல.