தண்ணீர் மேல் எத்தனை நேரம்? அந்தமான், இலட்சத்தீவு, மாலத்தீவு: ஓர் ஒப்பீட்டு அலசல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு நீர்வழிப் பயணம் என்றால் ஒகேனக்கல் பரிசல்தான் நினைவுக்கு வரும். கே.ஆர்.பி. அணையின் மதகுகளைக் கரையிலிருந்து பார்த்துப் பழகிய நமக்குக் கடல் தொலைவானது. அதனால்தான், தீவு விட்டுத் தீவு செல்லும் ஒரு விடுமுறையைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது, அறுபத்தெட்டு வயதான என் அம்மா செலவைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ கேட்காமல், "தண்ணி மேல எத்தினி நேரம் போவணும், கண்ணு?" என்று கேட்டார். அந்தமானுக்கு நான் முன்பு ஒருமுறை சென்றிருக்கிறேன். இலட்சத்தீவையும் மாலத்தீவையும் பற்றி, போய்வந்த உறவினர்களிடம் கேட்டும் நுழைவு விதிகளைப் படித்தும் அறிந்துகொண்டேன். மூன்றையும் பல நாட்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அம்மாவின் கேள்வியே சரியான அளவுகோல் என்று எனக்குப் பட்டது.

தீவுப் பயணத்தை விற்பவர்கள் தீவுகளின் எண்ணிக்கையைத்தான் முன்னால் வைக்கிறார்கள். ஐந்து நாளில் ஆறு தீவு என்று படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தீவுக்கும் ஒரு முறை மூட்டை கட்ட வேண்டும், துறைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும், ஏறி இறங்க வேண்டும், மறுபடி விடுதி தேட வேண்டும். ஒரு மணி நேரக் கடல் பயணம் அரை நாளை எடுத்துக்கொள்ளும். ஆகவே எத்தனை தீவு என்பதை விட, ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு எப்படிப் போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த வகையில் இந்த மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை.

கரைக்குப் போய்ச் சேர்வது

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்றாலும், விமான நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், நகரை முழுவதும் கடந்தாக வேண்டும்; நான்கு மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது. அங்கிருந்து அந்தமானின் தலைநகருக்கும் மாலத்தீவின் மாலேவுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. சென்னையிலிருந்தும் அந்தமானுக்கு இரண்டேகால் மணி நேரத்தில் பறந்துவிடலாம். சென்னையிலிருந்து கப்பலும் இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் என்பதால், ஒரு வார விடுமுறைக்காரர்கள் அதை நினைக்கவே வேண்டாம். இலட்சத்தீவின் வாசல் கொச்சி. பெங்களூரு எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தருமபுரி, சேலம், கோவை வழியாகப் பகலிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பதால், விமான நிலையத்தைத் தேடி அலையும் சிரமம் அதில் இல்லை. தருமபுரிக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

அந்தமான்: முக்கோணம்

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும் நீல் தீவு ஷஹீத் தீவாகவும் ஆயின. டிக்கெட்டிலும் விடுதிச் சீட்டிலும் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்தே வருகின்றன, குழம்ப வேண்டாம். இந்த மூன்று இடங்களும் ஒரு முக்கோணமாக அமைந்திருப்பதுதான் அந்தமானின் தனிச் சிறப்பு. தனியார் விரைவுப் படகில் தலைநகரிலிருந்து ஸ்வராஜ் தீவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து ஷஹீத் தீவுக்கு ஒரு மணி நேரத்துக்குள், ஷஹீத் தீவிலிருந்து தலைநகருக்கு மீண்டும் ஒன்றரை மணி நேரம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மொத்தம் நான்கு மணி நேரக் கடல், அதுவும் வெவ்வேறு நாட்களில் மூன்று துண்டுகளாக. படகும் பெரியது, குளிர்சாதன வசதியோடு, பேருந்தைப் போல வரிசை இருக்கைகள் கொண்டது. அரசுப் படகுகள் கட்டணத்தில் மிகக் குறைவு, நேரத்தில் கூடுதல்.

அந்தமானின் இந்த மூன்று இடங்களுக்கும் இந்தியர்களுக்கு முன் அனுமதி எதுவும் வேண்டாம். மொழியும் தடையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்தபடியாகத் தமிழே மிகுதியானவர்களின் தாய்மொழி. முன்பு நான் சென்றபோது, அபர்டீன் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நடந்து, இந்தியில் ஒரு சொல்கூடப் பேசாமல் வேண்டியதை வாங்கி வந்தேன். முதல்முறை கடல் தாண்டும் ஒரு பெரியவருக்கு இது தரும் தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

கடற்கரைகளைத் தாண்டியும் அந்தமானில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளில் இன்று மூன்றே எஞ்சியிருக்கின்றன. கட்டியபோது மொத்தம் 693 தனிக்கொட்டடிகள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாதபடி, ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் பின்புறத்தைப் பார்க்குமாறு அமைத்திருக்கிறார்கள். பாப்பாரப்பட்டியில், சிறையில் நோயுற்ற விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு, சிறை ஒரு மனிதரின் உடலை என்ன செய்யும் என்பது ஓரளவு தெரியும். அவர்கள் இந்தக் கட்டடத்துக்குள் நிற்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இலட்சத்தீவிலும் மாலத்தீவிலும் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பயணத்திட்டத்தில் பலர் சேர்க்கும் பாராடாங் சுண்ணாம்புக் குகையை நான் நீக்கிவிட்டேன். அங்கு செல்லும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை ஊடுருவிச் செல்கிறது. வாகனங்களை அணிவகுத்து அனுப்பி, நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தாலும், வெளியாட்களின் தொடர்பை வேண்டாதிருந்த ஒரு மக்களின் காட்டின் நடுவே சுற்றுலாவுக்காகப் போவது எனக்கு ஒப்பவில்லை.

அந்தமானில் திட்டமிடும்போது இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அத்தீவுகள் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே ஏறத்தாழ பதினான்கரைப் பாகை தள்ளி இருக்கின்றன; கடிகாரமோ ஒன்றுதான். ஆகவே அங்கு சூரியன் நம்மூரை விட ஒரு மணி நேரம் அளவுக்கு முந்தி எழுந்து முந்தி மறைகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். ராதாநகர் கடற்கரையில் சூரிய மறைவைப் பார்க்க ஆறு மணிக்குப் போனவர்கள் இருட்டைத்தான் பார்ப்பார்கள்.

இலட்சத்தீவு: மிதக்கும் கட்டில்

முப்பத்தாறு தீவுகள், மக்கள் வாழ்பவை பத்து, எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். அழகை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் நான் இலட்சத்தீவையே சொல்வேன். பவளப்பாறை வளையத்துக்குள் அடங்கிய லகூன் நீர், இடுப்பளவு ஆழத்தில், அலையின்றி, பிள்ளைகள் பயமில்லாமல் இறங்கும்படி இருக்கும். அந்தமானில் சில கடற்கரைகளில் உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து நின்றவன் என்ற முறையில், இந்த நிம்மதியின் மதிப்பை நான் அறிவேன்.

ஆனால் நினைத்தவுடன் போக முடியாத இடம் இது. தீவைச் சேராத எந்த இந்தியரும் நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். 1967 முதல் நடைமுறையில் உள்ள விதி அது. காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, விண்ணப்பம், காத்திருப்பு என்று மாதக் கணக்கில் முன்கூட்டியே தொடங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு சிறிய, இவ்வளவு மென்மையான நிலம் நம் கூட்டத்தைத் தாங்காது.

தீவு விட்டுத் தீவு செல்லும் முறையில் இங்குதான் மிக எளிதான ஏற்பாடு இருக்கிறது. நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தும் சமுத்திரம் என்ற ஐந்து நாள் திட்டத்தில், கொச்சியிலிருந்து கிளம்பும் கப்பல் இரவில் ஓடுகிறது. பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்கிறது. ஒரே கட்டில், ஒரே பெட்டி. மூட்டை கட்டும் வேலை ஒரு முறைதான். 1885இல் கட்டிய மினிக்காய் கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து அந்த நீல வளையத்தைப் பார்த்த என் சித்தி மகன் இன்றும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான்.

அம்மாவின் கேள்விக்கு இங்கே பதில் கடினம். கொச்சியிலிருந்து தீவுகளுக்குக் கப்பலில் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் ஆகும். இரவுகளும் கடல் மேலேயே கழியும். அதைவிடவும் கவலை தருவது வேறொன்று. பல இடங்களில் பெரிய கப்பல் லகூனுக்குள் நுழைய முடியாது என்பதால், நடுக்கடலில் கப்பலின் வாசலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் சிறு படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும். கைகொடுத்து இறக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் முழங்கால் வலி உள்ளவரை ஒரு நாளைக்கு இரண்டு முறை அப்படி இறக்கி ஏற்ற எனக்குத் துணிவில்லை. கொச்சியிலிருந்து அகத்திக்கு ஒன்றரை மணி நேர விமானம் இருக்கிறது. அதில் போனால் அகத்தியையும் சுற்றியுள்ள ஓரிரு தீவுகளையும் பார்த்துத் திரும்பலாம், மூன்று தீவுச் சுற்று கிடைக்காது.

மாலத்தீவு: சக்கரத்தின் ஆரக்கால்கள்

ஏறத்தாழ 1,190 தீவுகள் உள்ள நாட்டில் தீவு தாவுவது எளிது என்றுதான் நானும் நினைத்தேன். வரைபடத்தை விரித்ததும் உண்மை தெரிந்தது. பெரும்பாலான விரைவுப் படகுகள் மாலேவிலிருந்து ஒவ்வொரு தீவுக்கும் போய், மாலேவுக்கே திரும்புகின்றன. பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டுமென்றாலும் பல நேரம் தலைநகருக்கு வந்துதான் மாற வேண்டும், கிருஷ்ணகிரி நகரத்துக்காரர் ரயிலேறத் தருமபுரிக்கோ ஓசூருக்கோ போவதைப் போல. வெள்ளிக்கிழமைகளில் பொதுப் படகுகள் பல ஓடாது. கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் போய் இறங்கினால் அன்றிரவு மாலேவிலேயே தங்க நேரிடும்.

சொகுசு விடுதித் தீவில் தங்குவது இந்த ஒப்பீட்டுக்கே வராது. ஒரு தீவு, ஒரு விடுதி. அங்கே போனவர் அங்கேயே இருப்பார். நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது மாஃபுஷி, துளுஸ்தூ போன்ற ஊர்த் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்கள். மாலேவிலிருந்து மாஃபுஷிக்கு விரைவுப் படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். நேரத்தை மட்டும் பார்த்தால் அந்தமானையும் இது வென்றுவிடுகிறது. ஆனால் அந்த ஃபைபர் படகுகள் வேகத்தில் அலையின் மேல் அடித்து அடித்துச் செல்லும். இடுப்பு வலிக்காரருக்கு அந்த அரை மணி நேரம் நீளமானது. ஆகவே தண்ணீர் மேல் எத்தனை நேரம் என்பதோடு, எந்தப் படகில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்தியர்களுக்கு விசா இலவசமாக அங்கே இறங்கியதும் கிடைக்கிறது. பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். விளம்பரத்தில் தெரியாத செலவாகப் பசுமை வரி இருக்கிறது: 2025 ஜனவரியிலிருந்து சிறு விருந்தினர் இல்லங்களில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், சொகுசு விடுதிகளில் 12 டாலர். நால்வர் ஐந்து இரவு தங்கினால் ஊர்த் தீவிலேயே 120 டாலர் ஆகிவிடும். உணவில் சூரை மீன்தான் முதன்மை. சைவக்காரர்கள் விடுதியிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

கடலின் பருவமும் மாவின் பருவமும்

நம் பகுதியில் யாரும் நாட்காட்டியை மட்டும் பார்த்து விடுமுறை குறிக்க முடியாது. என் மாமா குடும்பத்துக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு. பெங்களூரா வகை மாங்காய் அறுவடையும் மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் ஏற்றுவதும் முடிந்து அவர்கள் மூச்சு விடுவது ஜூலைக் கடைசியில்தான். அப்போது தென்மேற்குப் பருவக்காற்றில் மூன்று கடல்களும் கொந்தளித்துக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் கடல் ஓரளவு அடங்கும். ஆனால் அது பூக்கும் காலம், மருந்து அடிக்கும் காலம். அந்தமான் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் உருவாகும் ஆபத்தும் உண்டு. மூன்று இடங்களுக்கும் நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பருவமழை அந்தமானை எட்டுவது வழக்கமாக மே மாதம் மூன்றாம் வாரம் என்பதால், பள்ளித் தேர்வு முடிந்து அறுவடை சூடுபிடிக்கும் முன் உள்ள ஏப்ரல் கடைசி வாரமே எங்களுக்கு வாய்த்த இடைவெளி.

எந்தத் தீவுக்குப் போனாலும், பெரிய தீவுக்குத் திரும்பும் படகையும் ஊர் திரும்பும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்கவே கூடாது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படி வைத்து, காற்று காரணமாகப் படகு நின்றுபோக, ஐந்து பேரின் விமானக் கட்டணத்தையும் இழந்து வந்தது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு நாங்கள் அந்தமானைத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாள் தலைநகரும் சிறையும், பிறகு ஸ்வராஜ் தீவில் இரண்டு இரவு, ஷஹீத் தீவில் ஓர் இரவு, திரும்பி வந்து தலைநகரில் இரண்டு இரவு, ஏழாம் நாள் விமானம். கடைசிக்கு முந்தைய நாளை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறோம். ஷஹீத் தீவின் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடித்தளப் படகு இருப்பதால், தண்ணீரில் இறங்காமலேயே அம்மா பவளத்தைப் பார்க்கலாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்துவரக் கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று. இலட்சத்தீவுக்கான விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்காக நானும் சித்தி மகனும் தனியே எழுதத் தொடங்கியிருக்கிறோம். அம்மாவிடம் நான் சொன்ன பதில், "மூணு தடவையா, மொத்தம் நாலு மணி நேரம்மா." அவர் சற்று யோசித்துவிட்டு, சன்னலோரத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டார்.