டோர் ஸ்பீக்கர் மாத்தப் போறீங்களா? 11,800 ரூபா போன கதைய படிச்சிட்டுப் போங்க

வயிறு எரியுது, எழுத்து முன்ன பின்ன இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து சாயங்காலம் வேற ஒரு எலக்ட்ரீசியன் என் பிக்கப் வண்டியோட டோர் பேட (கதவோட உள்பக்க மூடிய) கழட்டிக் காமிச்சாரு, அதுலேர்ந்து ஆத்திரம் அடங்க மாட்டேங்குது. ரெண்டே ரெண்டு டோர் ஸ்பீக்கர், 11,800 ரூபா. கடை பேரு போடல, புகார் குடுத்திருக்கேன். மெயின் ரோட்டுல சீட் கவர், கார் செட்டு எல்லாம் போடுற ஏசி கடை, அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஸ்பீக்கர் எதுக்குடா லோடு வண்டிக்குன்னு கேப்பீங்க. குறுவை நெல்ல ஏத்திக்கிட்டு கொள்முதல் நிலையத்துக்குப் போய், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு ஓரங்கட்டச் சொன்னா ராத்திரி முழுக்க கேபின்லதான் கெடக்கணும். பாட்டு இல்லாம முடியாதுங்க. வண்டியோட வந்த ஸ்பீக்கர் கரகரன்னு ஆயிடுச்சு, தீபாவளி ஆஃபர்னு போர்டு பார்த்துப் போனேன்.

ஓனர் என்னை உள்ள உக்கார வச்சு டீ வரவழைச்சாரு. "அண்ணனுக்கு எந்த ஊரு? அட, எங்கம்மா ஊரு அதுக்கு அடுத்த ஊர்தாண்ணே"ன்னு ஆரம்பிச்சு, உறவுக்காரன் மாதிரி நெல்லு விலை, முறைத் தண்ணி எல்லாம் பேசிட்டு, சுவத்துல மாட்டியிருந்த போர்டுல பட்டனத் தட்டி நாதஸ்வரம் போட்டாரு பாருங்க, தவில் அடி நெஞ்சுல வந்து விழுது. அந்த இடத்துலதான் மனசு சாஞ்சிடுச்சு. போர்டுக்குக் கீழ பொட்டிக்குள்ள ஆம்பும் (சத்தத்த ஏத்துற கருவி) சப்ஊஃபரும் (அடிச் சத்தத்துக்குன்னே இருக்கிற பெரிய ஸ்பீக்கர்) சேர்ந்து ஓடுதுன்னு அப்ப யாரு சொன்னா? "350 வாட்ஸ்ண்ணே, கம்பெனி ஓட்டையிலயே உக்காரும், ஒரு வயர கூட கட் பண்ண மாட்டோம், கப்ளர் (வயர வெட்டாம சொருகுற பிளக்) போட்டுத்தான் குடுப்போம், ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு." கண்ணாடி முழுசா இறங்குமான்னு வாய விட்டுக் கேட்டேன். "அதெல்லாம் இறங்கும்ண்ணே." பில்லு கேட்டேன், ஒரு துண்டுச் சீட்டுல எஸ்டிமேட்னு எழுதிக் குடுத்து ஜிஎஸ்டி பில்ல வாட்ஸ்அப்ல போடுறேன்னாரு. இன்னும் போட்டுக்கிட்டே இருக்காரு.

மறுநாளே டிரைவர் பக்கம் கண்ணாடி நாலு விரல்கட மேலயே டக்குன்னு நின்னுடுச்சு. அப்புறம் மழை பிடிச்சது, டோர மூடும்போதெல்லாம் உள்ள சலப்சலப்னு தண்ணிச் சத்தம், செட்டுக்குப் பியூஸ் போயிட்டே இருக்கு.

போன் பண்ணா "பையன் லீவுண்ணே". நேர்ல போனா "முகூர்த்த நாளு, கூட்டத்தப் பாருங்க, நாளைக்கு வாங்க". அடுத்த தடவ "கண்ணாடி உங்க வண்டியிலயே முன்னாடியே டைட்டுதாண்ணே"ன்னு பழிய என் வண்டி மேலயே போட்டாரு. சத்தம் பத்தலன்னு சொன்னதுக்கு, இன்னும் 6,500 போட்டா ஆம்ப் வச்சித் தர்றேன், சும்மா அள்ளும்ங்கிறாரு! கேரண்டின்னு கேட்டா கம்பெனிக்கு அனுப்பணும், பில்லு வேணுமாம். பில்லு யாரு குடுக்கணும்ங்க? கடைசியா என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு. டீ வாங்கிக் குடுத்த அதே ஆளு.

இப்ப உள்ள இருந்தத சொல்றேன். ஸ்பீக்கர் ஆறரை இன்ச்தான், ஓட்டையில உக்காந்துடுச்சு, ஆனா பின்னாடி மேக்னட் பெருசு. கண்ணாடி இறங்கி வந்து அதுல முட்டுது. மேக்னட் விளிம்புல பெயிண்ட் போய் வெள்ளையா பளபளங்குது, கண்ணாடியில வில்லு மாதிரி ஒரு கீறல். அடியில ஒரு ரிங் வச்சுத் தூக்கிப் போட்டிருந்தா தீர்ந்திருக்கும். கப்ளராவது மண்ணாவது, கம்பெனி வயர வெட்டி முறுக்கி டேப்பு சுத்தியிருக்கான் கடைப் பையன். புது வயர கீல் பக்கத்து ரப்பர் குழாய் வழியா விடாம வெளியிலயே விட்டதுல, டோர் மூட மூட நசுங்கி செம்பு தெரியுது. பியூஸ் போகாம என்ன பண்ணும்? ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்திருக்கான், ரெண்டு ஸ்பீக்கர் கோனும் எதிரெதிரா ஆடுனா பேஸ் (அடிச் சத்தம்) எங்கேர்ந்து வரும். 350 வாட்ஸ்ங்கிறது பொட்டியில அச்சடிச்ச மேக்ஸ் கணக்கு, நெசத்துல பாக்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது விடாம ஓடும்போது தாங்குற வாட்ஸ். சாதாரண கம்பெனி செட்டு சேனலுக்கு 15, 20 வாட்ஸ் குடுத்தாலே பெருசாம்.

எல்லாத்தையும் விடக் கொடுமை அந்த பிளாஸ்டிக் ஷீட்டு. டோருக்குள்ள மழைத்தண்ணி எப்பவும் இறங்கத்தான் செய்யும், கீழ இருக்கிற ஓட்டை வழியா வெளிய போயிடும். பேடுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற ஷீட்டு தண்ணிய உள்பக்கம் வரவிடாம தடுக்கும். அதக் கிழிச்சு சுருட்டி டோருக்குள்ளயே போட்டுட்டான் அந்தப் பையன், அது போய் ஓட்டைய அடைச்சு, தண்ணி தேங்கி, பேப்பர் கோன் அப்பளமா ஊறிக் கெடக்கு. ஸ்பீக்கர் மேல இருந்த கம்பெனி ஸ்டிக்கர நகத்தால சொரண்டுனா அடியில வேற ஏதோ பேரு. 11,800 ரூபாய்க்கு இதுதான்.

எங்க மச்சான் லாரிக்கும் அங்கதான் செட்டு போட்டாரு. லாரி 24 வோல்ட், செட்டு 12 வோல்ட், நடுவுல கன்வெர்ட்டர் வைக்கணும். அவன் என்ன பண்ணியிருக்கான், ரெண்டு பேட்டரியில ஒண்ணுலேர்ந்து மட்டும் லைன் எடுத்திருக்கான். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கி இறங்கி செத்துப்போச்சு. அது தனி நஷ்டம், நான் சொல்ற 11,800-ல சேரல.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், லோடுக்குக் கூப்பிட்டாச்சு. சுருக்கமா: கண்ணாடிய முழுசா இறக்கி வச்சு, டோர் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு எடம் இருக்குன்னு அளந்துட்டு ஸ்பீக்கரோட ஆழத்தப் பாருங்க. வேலை நடக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க, ஏசி ரூம்ல உக்காரச் சொன்னா உக்காராதீங்க. ஷீட்ட திரும்ப ஒட்டுனத பார்த்த பிறகுதான் பேட மூட விடணும். பில்லு கைக்கு வராம காசு கைய விட்டுப் போகக் கூடாது. ஏமாந்தவங்க 1915-க்கு அடிங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், நான் அதுலதான் பதிஞ்சிருக்கேன். அதுலயும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கெடையாது.

தீபாவளிக்கு இந்தப் பக்கத்துல ஆஃபர்ல ஸ்பீக்கர் போட்டவங்க யாராச்சும் இருந்தா, மழை விட்டதும் முதல்ல டோர் பேடக் கழட்டிப் பாருங்க, போட்டோ எடுத்து வச்சுக்குங்க.