லொக் போனா, திறந்த போனா: மண்முனைப் பாலத்தின் இரண்டு பக்கமும் பாவித்துப் பார்த்தது

எனக்கு வீடு ஆரையம்பதியில், படிப்பிப்பது கொக்கட்டிச்சோலைப் பக்கம். வீட்டில் நன்றாக எடுக்கும் சிம், மண்முனைப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அதனால் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு ஒரு சிம், மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு ஒரு சிம் என்று கனகாலமாக இரண்டு வைத்திருக்கிறேன். லொக் போட்ட, அதாவது ஒரு நெட்வேர்க்கின் சிம்முக்கு மட்டும் பூட்டிய ஐபோன் 11 ஒன்றைப் பதினொரு மாதம் பாவித்தேன். இப்போது ஒன்றரை வருடமாகக் கையில் இருப்பது லொக் இல்லாத ஐபோன் 11. இரண்டுமே கைமாறி வந்த செட்தான்.

கமெரா, திரை, பெட்டரி எதிலும் வித்தியாசம் இல்லை. லொக் செட் 62,000 ரூபா, திறந்தது 84,000. அந்த 22,000 ரூபாதான் முதலில் என்னை லொக் பக்கம் இழுத்தது. "டீச்சர், சிப் போட்டுத் தாறன், எல்லாச் சிம்மும் ஓடும்" என்றார் கடைத் தம்பி.

விலை ஏன் குறைகிறது? வெளிநாட்டு நெட்வேர்க்குகள் செட்டைத் தள்ளுபடியிலோ தவணையிலோ கொடுத்து, தங்கள் சிம்முக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டிவிடுகின்றன. அமெரிக்காவில் 2007இல் ஐபோன் வந்தபோது ஏடி அன்ட் டி என்ற ஒரே நெட்வேர்க்குக்குத்தான் அது கிடைத்தது. வெரைசன் என்ற மற்ற நெட்வேர்க்குக்கு அது போய்ச் சேர்ந்தது 2011 பெப்ரவரியில். அந்தத் தள்ளுபடியை அனுபவித்தவர் அங்கே இருக்கிறார், பூட்டு மட்டும் செட்டோடு மட்டக்களப்புக்கு வந்துவிடுகிறது. ரீசெட் செய்தாலும் போகாது, ஏனென்றால் அந்தப் பூட்டு, ஒவ்வொரு செட்டுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு ஆப்பிளின் சேர்வரில் பதிவாகி இருக்கிறது. அதைச் சரியான முறையில் எடுத்துவிடக்கூடியது முதலில் விற்ற நெட்வேர்க் மட்டுமே.

கடையில் போடும் சிப் பூட்டைத் திறப்பதில்லை. ஒவ்வொரு சிம்மிலும் நாட்டையும் நெட்வேர்க்கையும் காட்டும் எண் இருக்கும். இலங்கைக்கு அது 413 என்று தொடங்கும். காகிதம் போல மெல்லிய சிப்பைச் சிம்முக்கு மேலே ஒட்டித் தட்டில் வைத்தால், செட் கேட்கும் நேரத்தில் அது வேறு நெட்வேர்க்கின் எண்ணைச் சொல்லிவிடும். ஆப்பிள் அந்த வழியை அடைத்தால் புது எண் தேட வேண்டும். என் செட் அப்டேட் செய்த பிறகு இரண்டு தடவை சிக்னல் இல்லாமல் நின்றது, இரண்டு தடவையும் டவுனுக்குப் போய்வந்தேன். பிறகு அப்டேட் செய்யவே பயம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது சிம் மாற்றுவதுதான். ஒவ்வொரு முறையும் சிப்பை ஊசியால் ஒதுக்கி, அடுத்த சிம்மில் நேராக ஒட்டி, மெனுவில் நெட்வேர்க்கைத் தெரிவுசெய்து, செட் ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் அரை மணித்தியாலம். ஒருநாள் இடைவேளையில் பிள்ளை ஒன்று விழுந்து கை வீங்கிவிட்டது. தாயை அழைக்க அவசரமாகச் சிம்மை மாற்றினேன். செட் ஆக்டிவேஷன் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சரின் போனில்தான் அழைத்தோம். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்தது இன்னும் மனதில் நிற்கிறது. அந்த மாதமே விற்றேன், 35,000 ரூபாவுக்கு. லொக் என்றதும் எந்தக் கடையும் அதற்கு மேலே ஏறவில்லை.

திறந்த செட்டில் ஒரு சிம் தட்டில் இருக்கிறது, மற்றது இசிம், அதாவது அட்டை இல்லாமல் செட்டுக்குள்ளேயே பதிகிற சிம். பாலம் ஏறும்போது டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றினால் போதும். லொக் செட்டில் இதற்கு வழியே இல்லை, பூட்டு இசிம்மையும் சேர்த்தே தடுக்கும்.

ஒரே சிம், அதுவும் மாற்றவே மாட்டேன் என்பவருக்கு லொக் செட் ஓரளவு சரிவரலாம். ஆன்ட்ரொய்டில் என் அனுபவம் மிகக் குறைவு. ஜப்பானில் இருந்து வந்த லொக் செட் ஒன்றை என் சொந்தத் தம்பி பாவித்ததைப் பார்த்தது மட்டும்தான், அதனால் இதில் என் பேச்சை ஐபோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் செட் கேட்பவர்கள் நாட்டையும் வருடத்தையும் பாருங்கள். கனடாவில் 2017 டிசம்பருக்குப் பிறகும், ஜப்பானில் 2021 ஒக்டோபருக்குப் பிறகும், பிரித்தானியாவில் 2021 டிசம்பருக்குப் பிறகும் செட்டைப் பூட்டி விற்கத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கிருந்து வருவதென்றால், தவணை முழுவதையும் கட்டி நெட்வேர்க்கிடம் பூட்டை எடுக்கச் சொல்லிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அந்த வேலை மிகவும் சிரமம்.

கடையில் காசு கொடுக்க முன் சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள், சிப் இருந்தால் கண்ணில் படும். பிறகு செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே கெரியர் லொக் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் செட் திறந்தது. அதோடு ஐஎம்இஐ எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் செட் பதிவாகி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இது இரண்டு வகைச் செட்டுக்கும் பொது.