வியன்னாவில் எந்த ஹாஸ்டலில் தங்கலாம்?

ஹாஸ்டல் தேடும்போது எல்லோருமே முதலில் விலையை வைத்துத்தான் வரிசைப்படுத்துவோம். வியன்னாவில் நான் பார்த்தவரை, ஒரே தேதிக்கு நல்ல ஹாஸ்டல்களின் டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) படுக்கைகளுக்கு இடையே சில யூரோ வித்தியாசம்தான் இருந்தது. படுக்கையும் எங்கும் ஒன்றுதான்: அடுக்குக் கட்டில், தலைமாட்டில் ஒரு விளக்கு, ஒரு பிளக், சாமான் வைக்க ஒரு லாக்கர். பகலில் எப்படியும் ஊர் சுற்றப் போகிறோம். இருட்டிய பிறகு எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஹாஸ்டலை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு, ஓபரா பார்க்கும் எண்ணம் இருந்தால் நாஷ்மார்க்ட் சந்தைக்கு எதிரே இருக்கும் வோம்பாட்ஸ் ஹாஸ்டலுக்கு நிகர் இல்லை. வியன்னா ஸ்டேட் ஓபராவில் நல்ல இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற டிக்கெட் 200 யூரோவைத் தாண்டும். நின்று பார்ப்பதற்கு அன்றைக்கன்றே விற்கும் டிக்கெட் 20 யூரோவுக்குள் கிடைக்கும். உள்ளே போனதும் கம்பியில் ஒரு துண்டையோ ஸ்கார்ஃபையோ கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. திரை ஏறும்வரை வெளியே போய் வரலாம், யாரும் தொட மாட்டார்கள். மூன்று மணி நேரம் நின்று கால் கடுத்துப்போய் வெளியே வரும்போது, கால் மணி நேர நடையில் படுக்கை இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் ஓபரா கிடையாது. அந்த மாதங்களில் இந்தக் கணக்கு செல்லாது.

கெட்டன்ப்ரூக்கன்காஸ்ஸே மெட்ரோ நிலையம் வோம்பாட்ஸ் வாசலிலேயே இருக்கிறது. யூ4 ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஷான்ப்ரன் அரண்மனை. ஆனால் ஜன்னல் சந்தைப் பக்கம் பார்த்த அறை கிடைத்தால் சனிக்கிழமை காலையில் சீக்கிரமே விழிப்பு வந்துவிடும். அன்றைக்குப் பழைய சாமான் சந்தை கூடுகிற நாள், விடிகாலையிலேயே வண்டிகள் வந்துவிடும். சந்தையில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை) எப்போதும் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை தவிர.

இரண்டாவது, வெஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அமைதியான தெரு ஒன்றில் இருக்கும் ரூத்தென்ஸ்டைனர். 1968-லிருந்து ஒரே குடும்பம் நடத்தி வருகிறது. தனியாகப் பயணம் செய்பவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பின்பக்கம் ஒரு தோட்டம், அதில் முழங்கால் உயரக் காய்களோடு ஒரு சதுரங்கக் களம். பொது அறையில் பியானோவும் கிடாரும் இருக்கும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அப்புறம் சமையலறை. ஃபிரிட்ஜில் ஒவ்வொரு பைமீதும் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதிய ஸ்டிக்கர். ஓரமாக ஒரு அலமாரி: கிளம்புகிறவர்கள் விட்டுப்போன பொருட்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். நான் போன அன்று அதில் கால் பாக்கெட் அரிசி, உப்பு, பாதி பாட்டில் எண்ணெய் இருந்தன. வெங்காயமும் தயிரும் மட்டும் வாங்கி வந்து தயிர் சாதம் கிளறினேன். நான்கு நாள் ரொட்டியும் சீஸும் தின்ற வயிறு அந்த ஒரு தட்டில் குளிர்ந்தது. எதிரே பாஸ்தா வடித்துக்கொண்டிருந்தவர் என்ன இது என்று எட்டிப் பார்த்தார், ஒரு கரண்டி கொடுத்தேன். அன்று ராத்திரி பதினொரு மணிவரை தோட்டத்தில் ஆறு பேர் பேசிக்கொண்டிருந்தோம். வெளியூரில் தனியாக இருக்கிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை. தூரமும் ஒரு தடையில்லை, வெஸ்ட்பான்ஹோஃபில் யூ3 ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், ஊரின் நடுமையம்.

அதே நிலையத்தை ஒட்டி இன்னொன்று இருக்கிறது, ஜோ அண்ட் ஜோ. 2021-இல் திறந்த ஐக்கியா மரச்சாமான் கடைக் கட்டடத்தின் மேல்தளங்களில் இருக்கிறது. கார் நிறுத்தவே இடம் வைக்காமல் கட்டிய ஐக்கியா அது. எல்லாம் புதுசு, மொட்டை மாடியில் நின்றால் ஊர் தெரியும். நண்பர்கள் நாலு பேராகப் போனால் நன்றாக இருக்கும். தனியாளுக்கு ரூத்தென்ஸ்டைனரின் நெருக்கம் இங்கே கிடைக்காது.

ஹௌப்ட்பான்ஹோஃப், அதாவது ஊரின் தலைமை ரயில் நிலையம், அதன் பக்கம் இருக்கும் ஏ அண்ட் ஓ பல ஊர்களில் கிளைகள் உள்ள பெரிய ஹாஸ்டல். அதிகாலை ரயில் பிடிக்க வேண்டும், அல்லது இரவு ரயிலில் வந்து இறங்குகிறீர்கள் என்றால் அதையே பதிவு செய்யுங்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் நெடுந்தூர ரயில்கள் 2015 டிசம்பரிலிருந்து அங்கிருந்துதான் ஓடுகின்றன. பழைய பயணக் குறிப்பை நம்பி வெஸ்ட்பான்ஹோஃபில் போய் நின்றால் அங்கே பெரும்பாலும் சால்ஸ்பர்க் பக்கம் போகும் வெஸ்ட்பான் என்ற தனியார் கம்பெனி ரயில்தான் கிடைக்கும்.

சரி, விலைக்கு வருவோம். படுக்கை விலையோடு காலை உணவு, துண்டு, லாக்கர் பூட்டு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பல இடங்களில் இவை தனிக் காசு, மலிவாகத் தெரிந்தது அங்கேதான் ஏறும். பூட்டை ஊரிலிருந்தே கொண்டு போங்கள். வேறொரு நகரத்தில், பன்னிரண்டு பேர் அறையில், பூட்டு இல்லாமல் பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். 1873-லிருந்து மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வருகிற ஊர் இது, ஹாஸ்டல் குளியலறைக் குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம்.

வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். அதனால் வார இறுதியில் கொஞ்சம் தள்ளித் தங்கினாலும் திரும்பி வரக் கவலையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமைக்கும் எண்ணம் இருந்தால் சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் அரிசியும் தயிரும் வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிவிடும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகளைத் தவிர.